படத்தில் மிஞ்சிய கை

சங்கரலிங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், கட்டின வாழைமரம்கூட இன்னும் வாடாத வாசலில், அவர் மகன் கோமதிநாயகம் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது அவனுடைய இடது தோளில் ஒரு கை இருந்தது. பொம்பளைக் கை. மாநிறம், மெலிந்த விரல்கள், மணிக்கட்டு நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வளையல் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, அலை அலையாக விளிம்பு வருகிற கத்திரிக்கோலால் வெட்டின மாதிரி அந்தக் கை முடிந்துபோயிருந்தது. ரத்தம் கிடையாது, காயம் கிடையாது, பார்த்தால் பயமும் வராது. பால்காரர் அதைப் பார்த்தார், செம்பில் பாலை ஊற்றினார், "என்ன நாயகம், தோள்ல யாரு?" என்று கேட்டார். நாயகம் வாய் நிறைய நுரையோடு திரும்பினான். கை அவன் தாடையில் வழிந்த நுரையைப் புறங்கையால் துடைத்துவிட்டது. "தெரியலண்ணே" என்றான் அவன். அன்றைக்கு எங்கள் தெருவில் அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை, ஏனென்றால் பந்திக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற வேலை எல்லோருக்கும் இருந்தது.

சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில், நாயகத்தின் மனைவி செண்பகவல்லியின் கைவேலை தொங்காத சுவரே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் பொழுது போகாமல் செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். பழைய போட்டோக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவற்றை வெட்டி, ஒட்டி, ஓரத்தில் முத்து பதித்து, ஜிகினா தூவி, கடிகாரமாக, நாள்காட்டியாக, தலையணை உறையாக, தொட்டிலுக்கு மேலே தொங்கிச் சுற்றுகிற முகங்களாகச் செய்து தருவாள். வளைகாப்போ புதுமனை புகுவிழாவோ, செண்பகம் செய்த சாமான் ஒன்று வராவிட்டால் அந்த விசேஷத்துக்கு உப்புச் சப்பில்லை என்று பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது. கோடி வீட்டுக்காரர்களுக்கு மணிக்கு ஒரு பேரப்பிள்ளை என்று கடிகாரம் செய்யப்போய், ஒரு பிள்ளை குறைந்ததால், ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுப் பசுமாட்டின் முகத்தை ஒட்டிக் கொடுத்தாள். அந்த வீட்டில் இன்றைக்கும் சாயங்காலமானால் "மாட்டு மணி ஆயிட்டு, விளக்கேத்து" என்றுதான் சொல்கிறார்கள்.

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவள் செய்தது ஒரு மரம். ஒட்டுப்பலகையில் மரத்தை அறுத்து, பச்சை வண்ணம் அடித்து, இலைக்கு இலை ஒரு சொந்தக்காரரின் முகம். அடிமரத்தில் மட்டும் பெரிதாக, அந்தக் குடும்பம் சேர்ந்து நின்று எடுத்த ஒரே போட்டோ. நாயகத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்தின அன்றைக்கு ஸ்டுடியோவில் எடுத்தது. கலர்ப் படம்தான், ஆனால் கிடந்து கிடந்து எல்லோரும் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டார்கள். நடுவில் சந்தனம் பூசின மொட்டையோடு ஸ்டூலில் நாயகம், இந்தப் பக்கம் அவன் அப்பாவும் அம்மாவும், அந்தப் பக்கம் ஓரத்தில் ஆவுடை அத்தையும் மாமாவும்.

ஆவுடையம்மாள் சங்கரலிங்கத்தின் அக்கா. அந்தப் படம் எடுத்த மறுவருஷமே மாமா போய்ச் சேர்ந்துவிட, பிள்ளை குட்டி இல்லாத அவள் தம்பி வீட்டுக்கு வந்து, நாயகத்தை மீசை அரும்புகிற வரைக்கும் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு வளர்த்து, அப்புறம் தம்பி வீட்டில் நல்ல காரியங்கள் நடக்க ஆரம்பித்ததும், யாரும் வாய் திறந்து சொல்வதற்கு முன்னாலேயே, துணிமணியைக் கட்டிக்கொண்டு புளியங்குடியில் புருஷன் விட்டுப்போன வீட்டுக்குப் போய்விட்டாள். அறுபதாம் கல்யாணத்துக்கும் முழங்கால் வலி, வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி முகூர்த்த நாள் பார்த்துத்தான் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே "பாவம், வயசாயிட்டுல்லா" என்று சொல்லிக்கொள்வோம்.

வெட்டுவதற்கு முன்னால் செண்பகவல்லி புருஷனிடம் கேட்டாள். பிற்பாடு அவளே சொன்னதுதான் இது.

"அத்தைய என்ன செய்ய?"

நாயகம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். "என்ன செய்யன்னா?"

"ஓரமா நிக்காக. வச்சா அகலம் கொஞ்சம் கூடும். வச்சிரட்டுமா?"

"மணவறைக்குப் பக்கத்துல வைக்கப்போற சாமானு. நாலு பேரு பாப்பாக, நல்லாருக்காது. எடுத்துரு."

"உங்கள வளத்தவுக."

"வளக்கலன்னு யாரு சொன்னா? நல்ல காரியத்துக்குன்னு ஒண்ணு இருக்குல்லா. எடுத்துரு. யாரும் கேட்டா ஃபிரேம்ல இடம் பத்தலன்னு சொல்லிக்கிடலாம்."

அவள் எடுத்தாள். மாமாவோடு சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினாள். ஆனால் அத்தையின் கை நாயகத்தின் தோளில் இருந்தது, அதை எடுக்கப் போனால் குழந்தையின் தோளும் போகும், புதுக் கம்மல் போட்ட காதும் போகும். அதனால் வளையலுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொண்டு, வெட்டு தெரியாமல் இருக்க அதன் மேல் தங்கக் காகிதத்தில் ஓர் இலை செய்து ஒட்டினாள். வெட்டியெடுத்த துண்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. முகம் இருக்கிற காகிதத்தை எப்படிக் குப்பையில் போடுவது? அவள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு, அதற்குள் போட்டு மூடினாள். மண்டபத்தில் எல்லோரும் மரத்தைப் பார்த்து மெச்சினார்கள். சங்கரலிங்கம் மாலையும் கழுத்துமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு தாயி" என்றார். ஓரத்தில் யார் இல்லை என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நாயகத்தின் தோளில் கை வந்து உட்கார்ந்தது.

ஓர் ஊர் எதற்கு வேண்டுமானாலும் பழகிவிடும், அதற்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் போதும். நாயகம் தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன். கடை முதலாளி முதல் நாள் முகத்தைச் சுளித்தார், இரண்டாம் நாள் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் பெண்களுக்குக் கையைப் பிடித்துப்போய்விட்டது. நாயகம் சேலையை உதறி விரித்தால் கை அவன் தோளிலிருந்தபடியே எட்டி நுனி விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கும், சாயம் போகிற சேலை என்றால் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், நல்ல சேலை என்றால் இரண்டு தட்டுத் தட்டும், வளையல் குலுங்கும். பெண்கள் நாயகத்தின் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலாளி அவனை முகூர்த்தப் பட்டுக்கு மாற்றினார். தையல்காரர் அவன் சட்டைக்கு இடது தோளில் கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டார். முடிவெட்டுகிற கடையில் கத்திரிக்கோலின் சத்தம் கேட்டால் மட்டும் கை நடுங்கும், அதனால் பயந்த பிள்ளையின் கண்ணைப் பொத்துகிற மாதிரி கைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு முடிவெட்டினார்கள். சாலையைக் கடக்கும்போது பேருந்து வந்தால் கை அவன் காலரைப் பிடித்து நிறுத்தும். தும்மினால் உச்சந்தலையில் தட்டும். முப்பது வயது தாண்டினவனுக்கு இது அவமானம்தான், ஆனால் ஊருக்கு அது பார்க்க நன்றாக இருந்தது.

யார் கை என்றுதான் தெரியவில்லை. வளையல் நிறைய இருந்ததால் சுமங்கலிக் கை என்பதில் சந்தேகமில்லை. நாயகத்தின் அம்மா, "எனக்கு என்னைக்குவே இம்புட்டு மெலிஞ்ச கை இருந்துச்சு?" என்று ஒதுங்கிக்கொண்டாள். அப்படியானால் அம்மன் கைதான் என்று யாரோ சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. அதிலிருந்து தெருவில் விசேஷமென்றால் முதல் பத்திரிகை நாயகத்துக்கு. கல்யாணப் பெண்ணுக்கு முதல் குங்குமம் அந்தக் கை வைக்கும். பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது அந்தக் கை தொட்டிலை ஆட்டும். நாயகம் எல்லா இடத்துக்கும் போனான், எல்லாரும் சிரித்த இடத்தில் சிரித்தான், ஆனால் அவன் அந்தக் கையை ஒரு நாளும் தலையைத் திருப்பி நேராகப் பார்த்து நாங்கள் பார்த்ததில்லை. அவனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

எங்களுக்குத் தெரிந்தது மேலவீட்டு மருமகளின் வளைகாப்பில்தான். பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, நாயகம் தோளைச் சாய்த்துக் கொடுக்க, கை அந்தப் பெண்ணின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக் குவித்து, ஒரு வளையல்கூட உடையாமல், வலிக்காமல், ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. ஆண்கள் வரிசையில் பாயசத்தோடு உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம் பார்த்துக்கொண்டேயிருந்தார். வளையலைத் தள்ளும்போது அந்தக் கையின் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளியே வளைந்து நின்றது. சின்ன வயதில் கிணற்று உருளையில் மாட்டி அப்படி ஆன விரல் அது.

"அது எங்க அக்கா கையில்லா" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு டம்ளரைக் கீழே வைத்தார், யாரையும் பார்க்காமல் எழுந்து வீட்டுக்குப் போனார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வளையல் ஏற்றின பெண் தன் கையைப் பார்க்கிறாள், அவளுடைய மாமியார் அவளைப் பார்க்கிறாள், கை மட்டும் ஒன்றும் அறியாமல் அடுத்த வளையலுக்காகத் தட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறது.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் நடந்த பஞ்சாயத்தை எழுதக் கூசுகிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான். தாலியறுத்தவள் கையால் வளைகாப்பு நடந்துவிட்டதே என்று ஒரு கட்சி. கையில் வளையல் இருக்கிறதே, அது எப்படி அறுத்தவள் கையாகும் என்று இன்னொரு கட்சி. மரத்தில் ஒட்டின காதுகுத்துப் படம் எடுத்த அன்றைக்கு அவள் புருஷன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறான், அவள் தலை நிறையப் பூ வைத்திருக்கிறாள், ஆகவே அந்தக் கை சுமங்கலிக் கைதான் என்று அவர்கள் சாதித்தார்கள். சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடி யோசித்துவிட்டுக் கடைசியில் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: கை சுமங்கலி, கைக்கு உடையவள் அப்படியில்லை. ஆகவே கையை விசேஷத்துக்குக் கூப்பிடலாம், ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு நாயகமும் அங்கேதான் நின்றான், கை அவன் முதுகில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டது.

அப்புறம்தான் ஒருத்தி கேட்டாள், சரி, படத்தில் பூவும் பொட்டுமாக நின்றவளை எதற்கு வெட்டினீர்கள் என்று.

"ஃபிரேம்ல இடம் பத்தல" என்றான் நாயகம். கேட்டவள் அவனையே பார்த்துக்கொண்டிருக்கவும், "இவதான் அளவ தப்பா எடுத்துட்டா" என்று செண்பகவல்லியைக் கைகாட்டினான்.

செண்பகவல்லி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்களுக்குப் புரிந்தது. ஏனென்றால் அவள் செய்து கொடுத்த சாமான் எங்கள் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது, அதில் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் அவளிடம் போய், குரலைத் தாழ்த்தி, இந்த ஆள மட்டும் எடுத்துரு தாயி என்று சொல்லியிருக்கிறோம். சாதி மாறிக் கட்டிக்கொண்ட மகளை, வயலுக்கு வழக்குப் போட்ட தம்பியை, மூத்த தாரத்தை, வெள்ளைச் சேலை கட்டின சின்னம்மாவை. எல்லோருக்கும் ஒரே காரணம்தான், இடம் பத்தவில்லை. நாங்கள் ஆளை ஓரமாகத் தனியாக நிற்கவைத்து எடுத்த படங்களாகக் கொடுத்ததால் வெட்டுச் சுத்தமாக வந்தது, கை மிஞ்சவில்லை. நாயகத்துக்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அன்று வீட்டுக்குப் போனதும் சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி பார்க்கக்கூட எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. செண்பகவல்லி அதன் பிறகு கத்திரிக்கோலைத் தொடவில்லை. மரத்தைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிப் போர்வையால் மூடினாள்.

நாயகத்துக்கு ஒரே ஒரு பயம்தான், அத்தைக்குத் தெரியக் கூடாது. மாதம் தவறாமல் புளியங்குடிக்குப் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறவன் போவதை நிறுத்தினான். போன் வந்தால் கடையில் கூட்டம் என்றான். கை அவனைக் கிள்ளியிருந்தாலும் கழுத்தை நெரித்திருந்தாலும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது ஒன்றும் செய்யாது. சாப்பிடும்போது மீன் முள்ளைப் பார்த்து எடுத்து ஓரத்தில் வைக்கும். தூங்கும்போது தட்டிக்கொடுக்கும். அவன் வெட்கத்தில் உருகினான். பட்டுச் சேலை விரிக்கிற இடத்தில் நின்றுகொண்டு திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொள்வான், கையும் கூடவே துடைத்துவிட வரும், அது அவனுக்கு இன்னும் தாங்காது. நாங்களும் அவனுக்காகவே, இல்லை, எங்களுக்காகவும்தான், புளியங்குடிப் பக்கம் ஒரு வார்த்தை போகாமல் பார்த்துக்கொண்டோம். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு கண்டக்டர் சீட்டுக் கிழித்துக்கொடுத்தபடியே ஆவுடையம்மாளிடம், "ஆச்சி, உங்க கை சங்கரன்கோயில்ல வளைகாப்புக்கெல்லாம் போகுதாம்லா" என்று கேட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் ஆவுடையம்மாள் வந்துவிட்டாள். தெருமுனையில் அவளைப் பார்த்ததுமே தகவல் பறந்தது. கடைக்கு ஆள் போய் நாயகத்தைக் கூட்டி வந்தார்கள். பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சங்கரலிங்கம் வீட்டுக் கூடத்தில் கூடினோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துத் தரையில் வைத்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். நிஜமாகவே வலி இருந்தது போல.

"உங்க பாசம்தான் மதினி கையா வந்துருக்கு" என்றாள் கோடி வீட்டுக்காரி. அப்படிச் சொல்ல வேண்டுமென்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். "வளத்த கையில்லா" என்றாள் இன்னொருத்தி. "எங்க தெருவுக்கே யோகம்."

"அப்படியா" என்றாள் ஆவுடையம்மாள். "எங்க, பாப்போம்."

நாயகம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் நிலையில் நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் வரவில்லை. கையே துண்டை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஆவுடையம்மாள் அதைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுடைய கை மடியில் கிடந்தது, நரம்பு புடைத்து, ஒன்றும் அணியாமல், சுண்டுவிரல் வளைந்து.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

"எங்க அந்தப் படம்? செண்பகம் ஒரு மரம் மாதிரி செஞ்சான்னு சொன்னாகளே."

"அது கண்ணாடி போடக் கொடுத்துருக்கு அத்தே" என்றான் நாயகம். "ஆமா ஆமா, கண்ணாடிதான்" என்று நாங்கள் நாலைந்து பேர் சொன்னோம். சங்கரலிங்கம் உள்ளறையில் படுத்திருந்தார், அவர் இருமவும் இல்லை.

செண்பகவல்லி எழுந்து போனாள். போர்வையோடு மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தையின் மடியில் வைத்தாள், மறுபடியும் போய்ப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆவுடையம்மாள் போர்வையை விலக்கி ஒவ்வோர் இலையாகப் பார்த்தாள், இது பெரியவன் மகள், இது பாளையங்கோட்டைக்காரி, இவனுக்கு எப்ப பல் முளைச்சுது என்று பேர் சொல்லிச் சொல்லி விரலால் தொட்டுக்கொண்டு வந்து, கடைசியில் அடிமரத்துக்கு வந்தாள். மொட்டைத் தலையோடு நாயகம். அவன் தோளில் ஒரு கை. கைக்குப் பின்னால் தங்க இலை. இலையை நகத்தால் நெம்பி எடுத்தாள், அலை அலையாக வெட்டின விளிம்பைப் பார்த்தாள்.

"அத்தே" என்று செண்பகவல்லி ஆரம்பித்தாள். டின்னைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள்.

சின்னத் துண்டுதான். காலர் அகலமான சட்டையில் மாமா. அவரோடு ஒட்டினாற்போல ஆவுடையம்மாள், நெற்றி நிறையப் பொட்டு, காதோரம் வழிகிற பூ, ஒரு கை மட்டும் பாதியில் இல்லை. அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், முந்தானையால் துடைத்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அதைவிட அவள் எங்களைக் காறித் துப்பியிருக்கலாம்.

"அவுகளும் நானும் சேந்து நிக்கிற படம் எங்கிட்ட ஒண்ணுகூடக் கெடையாது" என்றாள். "எனக்குன்னு தனியா வெட்டி வச்சியா தாயி? அவுகளையும் சேத்து, ஓரமெல்லாம் பூ மாதிரி வெட்டி. இம்புட்டு நாளா பத்திரமா வச்சிருந்தியாக்கும்."

செண்பகவல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தோம். அவள் நிஜமாகவே நம்பித்தான் கேட்டாளா, இல்லை எங்கள் மானத்தைக் காப்பாற்றக் கேட்டாளா என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. இல்லை மதினி, இது வேண்டாமென்று ஒதுக்கினது என்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை.

ஆவுடையம்மாள் நிமிர்ந்து கையைப் பார்த்தாள். "நீ மட்டும் அங்கன என்னடி பண்ணுத? அவன் பெரியாளாயிட்டான். போதும், வா."

கை உடனே வரவில்லை. நாயகத்தின் காலரை நிமிர்த்தி மடித்துவிட்டது. கலைந்திருந்த தலைமுடியை ஒதுக்கியது. அவன் கன்னத்தைத் துடைத்தது, துடைத்த விரல்கள் நனைந்துபோயின. அப்புறம் தோளை விட்டு எழுந்தது. ஆவுடையம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்த, அதில் வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் போட்டோவோடு சேர்த்துத் தன் பைக்குள் வைத்தாள். போகிற சுமங்கலிக்குக் குங்குமம் கொடுக்கிற வழக்கத்தில் கோடி வீட்டுக்காரி தட்டோடு வந்துவிட்டு, நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள். ஆவுடையம்மாளே பையின் வாயை அவள் பக்கம் விரித்துக் காட்டினாள். "கைக்கு வச்சுவிடு. எனக்கு நேரமாச்சு." அவள் வைத்தாள். குங்குமம் பையெல்லாம் கொட்டியது.

பேருந்து நிலையம் வரைக்கும் நாயகம் பின்னாலேயே போனான். பையை அவள் அவனிடம் தரவில்லை. நாங்களும் கொஞ்சம் தள்ளி நடந்தோம், எதற்கென்று தெரியாது. ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்து அவள் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாயகம் ஜன்னலுக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் ஏறி வண்டியை உயிர்ப்பித்தபோதுதான் அவனுக்குக் குரல் வந்தது. வண்டிச் சத்தத்தில் அவன் கத்திச் சொல்லவேண்டியதாயிற்று, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"அத்தே, இடமெல்லாம் இருந்துச்சு. செண்பகம் வச்சிரட்டுமான்னுதான் கேட்டா. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"தெரியும்யா" என்றாள் ஆவுடையம்மாள்.

பேருந்துக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே விலகியிருப்பேன்லா. எத்தனையோ படத்துல விலகியிருக்கேன். அன்னைக்கு அந்த வெளிச்சம் பளிச்சுன்னு அடிக்கவும் நீ பயந்து நடுங்கினே. அதான் கைய எடுக்க முடியாமப் போச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல."

நாயகம் ஜன்னல் கம்பியை விடவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது, அவனும் கூடவே நடந்தான்.

"தள்ளி நில்லுய்யா" என்றாள் அவள். "வண்டி எடுத்துட்டான்."

நாயகம் தள்ளி நின்றான்.